முதல் மாணவன் ஒருமுறை தோற்றால் திருந்திவிடுவானா?

கேள்வி:

நாங்கள் பெங்களூரு ராஜாஜி நகரில் இருக்கிறோம். பூர்வீகம் தருமபுரிப் பக்கம். கணவர் பீன்யாவில் ஒரு லேத் பட்டறையில் சூப்பர்வைசர். மகனுக்கு 17 வயது, இரண்டாம் ஆண்டு பி.யூ.சி., அதாவது பிளஸ் டூ. அந்தக் கல்லூரியிலேயே ஜே.இ.இ. பயிற்சியும் சேர்த்து நடத்துகிறார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்தே அவன்தான் முதல் ரேங்க்.

இப்போது அவன் பேச்சைத் தாங்க முடியவில்லை. தங்கை கணக்கில் சந்தேகம் கேட்டால், "இதுகூடத் தெரியாதா?" என்று நோட்டைத் தூக்கி எறிகிறான். ஓசூரில் என் கணவரின் அண்ணன் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் போயிருந்தோம். ஐ.டி.ஐ. முடித்து ஏ.சி. மெக்கானிக்காக இருக்கும் பெரியப்பா மகனிடம், எல்லோர் முன்னிலையிலும், "படிப்பு வராதவர்கள் கையால்தான் பிழைக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டான். அவன் அப்பாவும் கையால் பிழைப்பவர்தான். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து வெளியே போய்விட்டார். வகுப்பில் வேதியியல் ஆசிரியரைத் திருத்தப் போய், "உங்களுக்கே இது புரியவில்லை" என்றிருக்கிறான். நான்தான் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன்.

சென்ற மாதம் வாரத் தேர்வுகளில் மதிப்பெண் குறைந்ததால் அவனை முதல் பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவுக்கு மாற்றினார்கள். இரண்டு நாள் சாப்பிடவில்லை. "இனி நான் எதற்கும் லாயக்கில்லை" என்று கதவைச் சாத்திக்கொண்டான். வெளியே வந்த பிறகு பேச்சு இன்னும் கூர்மையாகிவிட்டது. படிக்கிற பிள்ளை என்பதால் வீட்டில் எந்த வேலையும் வைப்பதில்லை. சாப்பிட்ட தட்டைக்கூட எஸ்.எஸ்.எல்.சி. படிக்கும் தங்கைதான் எடுப்பாள். இருந்தும் ஏன் இப்படி?

"ஒருமுறை நன்றாகத் தோற்றால்தான் புத்தி வரும்" என்கிறார் கணவர். "சர் சி.வி. ராமனுக்கு இல்லாத கர்வமா? அறிவாளி என்றால் அப்படித்தான், விடு" என்கிறார் என் அண்ணன். யார் சொல்வது சரி?

— ஒரு தாய், பெங்களூரு

பதில்:

அன்புள்ள சகோதரி,

கணவர் சொல்வதும் சரியில்லை, அண்ணன் சொல்வதும் சரியில்லை. ஆனால் அதற்கு முன்னால் பேச வேண்டியது ஒன்று இருக்கிறது. பதினேழு வயதுப் பையன் ஒருவன் இரண்டு நாள் சாப்பிடாமல், கதவைச் சாத்திக்கொண்டு, தான் எதற்கும் லாயக்கில்லை என்று சொல்லியிருக்கிறான். அதையும் அவன் திமிர்க் கணக்கிலேயே எழுதிவிட்டீர்கள். நான் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

இன்றோ நாளையோ, அவன் சற்று அமைதியாக இருக்கும் நேரம் பார்த்துத் தனியாக உட்கார்ந்து நேராகவே கேளுங்கள்: "அன்றைக்கு அப்படிச் சொன்னாயே, உயிரோடு இருக்க வேண்டாம் என்று எப்போதாவது தோன்றியதா?" இப்படிக் கேட்டு, இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் பெற்றோர் எல்லோருக்கும் உண்டு. கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை. உள்ளே ஏற்கெனவே இருந்தால் அதைச் சொல்ல ஒரு வழி கிடைக்கிறது, அவ்வளவுதான். அவன் "ஆமாம்" என்றால் அன்று இரவு அவனைத் தனியாக விடாதீர்கள், மறுநாளே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும், தூக்கமும் சாப்பாடும் இன்னும் சீராகாமல் இருந்தாலும் தள்ளிப்போட வேண்டாம். 14416 என்பது டெலி மனஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவையின் எண். 2022இல் மத்திய அரசு தொடங்கியது. எந்த நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். நேரில் போவதென்றால் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை உங்கள் ஊரிலேயே ஓசூர் சாலையில் இருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்டதும் உறவினர்கள் ஏதாவது முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

இனி உங்கள் கணவரின் யோசனைக்கு வருகிறேன். தோற்றால் புத்தி வரும் என்கிறார். அவன் தோற்றுத்தானே இருக்கிறான்? முதல் பிரிவிலிருந்து இறக்கப்பட்டது உங்களுக்கும் எனக்கும் சின்ன விஷயம், அவனுக்கு அது மானப் பிரச்சினை. புத்தி வந்ததா? பேச்சு இன்னும் கூர்மையானது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பெரியப்பா மகனிடம் அவன் சொன்னதையும், கதவுக்குப் பின்னால் தன்னைப் பற்றிச் சொன்னதையும் அடுத்தடுத்து வைத்துப் படித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே தீர்ப்பு. மதிப்பெண் எடுப்பவனுக்கு மதிப்பு உண்டு, எடுக்காதவன் லாயக்கற்றவன். ஓசூரில் அந்தத் தீர்ப்பை இன்னொருவனுக்கு வழங்கினான். தேர்வு முடிவு வந்த அன்று அதே தீர்ப்பைத் தனக்கும் வழங்கிக்கொண்டான். தன்னை மட்டும் தனியாக விட்டுவிடவில்லை பாருங்கள், அந்த அளவுக்கு அவன் நேர்மையானவன்தான். இப்படி நினைக்கும் பிள்ளைக்கு இன்னும் பெரிய தோல்வி வரட்டும் என்று காத்திருப்பது மிகவும் ஆபத்தான வைத்தியம். அந்தத் தீர்ப்பு எங்கிருந்து வந்தது என்று பார்த்து அதைத்தான் அசைக்க வேண்டும்.

இரண்டாவதாக, அவன் செய்த எல்லாவற்றுக்கும் திமிர் என்று ஒரே பெயர் வைத்திருக்கிறீர்கள். தங்கையின் நோட்டை எறிந்தது, ஆசிரியரிடம் பேசியது, பெரியப்பா மகனை அவமதித்தது ஆகிய மூன்றும் ஒன்றல்ல. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு.

தங்கை விஷயத்தில் அவன் தன்னை உயர்வாக நினைக்கிறான் என்பது உங்கள் எண்ணம். அவன் தன்னைக் குறைத்து மதிப்பிடுகிறான் என்பது என் சந்தேகம். 1999இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டன்னிங், குரூகர் என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களுக்குத் தர்க்கம், இலக்கணம் போன்றவற்றில் தேர்வு வைத்து, மற்றவர்களோடு ஒப்பிட்டால் நீ எந்த இடத்தில் இருப்பாய் என்று கேட்டார்கள். கடைசியில் இருந்தவர்கள் தங்களை மிக உயர்வாக மதிப்பிட்டார்கள் என்ற பாதியைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அந்தப் பாதியின் கணக்கைப் பற்றிப் புள்ளியியலாளர்கள் இன்றுவரை சண்டை போடுகிறார்கள், அது வேறு கதை. நமக்கு வேண்டியது மற்றப் பாதி. முதலிடத்தில் இருந்தவர்கள் தங்கள் இடத்தைச் சற்றுக் குறைத்தே சொன்னார்கள். தனக்கு எளிதாக வந்தது எல்லோருக்கும் எளிதாகத்தான் வந்திருக்கும் என்று நம்பியதே காரணம். மற்றவர்களின் விடைத்தாள்களைத் திருத்தக் கொடுத்தபோதுதான் உண்மை நிலவரம் அவர்களுக்குப் புரிந்தது.

உங்கள் மகன் தங்கையிடம் எரிந்து விழுவது அங்கிருந்து வருகிறது. அவனுக்கு இரண்டு நொடியில் தெரியும் விடை அவளுக்குத் தெரியவில்லை என்றால், அவள் மனம் வைக்கவில்லை, சோம்பேறித்தனம் செய்கிறாள் என்றே நினைக்கிறான். இதற்கு அறிவுரை உதவாது. விடைத்தாள் திருத்துவது உதவும், அதாவது அடுத்தவர் எந்த வரியில் இடறுகிறார் என்று உட்கார்ந்து பார்ப்பது. ஆனால் அந்தப் பயிற்சிக்கு உங்கள் மகளைப் பலகையாக்கிவிடாதீர்கள். அண்ணனுக்குப் பொறுமை வருவதற்காக அவள் அவமானப்பட வேண்டியதில்லை. இப்போதைக்கு அவளுக்குக் கணக்குச் சொல்லித்தர வேறு ஆள் பாருங்கள், பக்கத்து வீட்டு அக்கா ஆனாலும் சரி. அவனே பிறகு சொல்லித்தருகிறேன் என்று வந்தால் ஒரே ஒரு நிபந்தனை போடுங்கள்: பேனா தங்கை கையில்தான் இருக்கும், அவன் கேள்வி மட்டும் கேட்கலாம். பேனாவைப் பிடுங்காமல் ஒரு கணக்கைச் சொல்லித்தருவது எவ்வளவு கடினம் என்று எந்த ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார்.

ஆசிரியர் விஷயத்தில் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அவன் சொன்ன திருத்தம் சரியா, தவறா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. வீட்டில் யாரும் கேட்கவும் இல்லை என்று தோன்றுகிறது. இதைக் கேட்டாக வேண்டும். அவன் சரியாக இருந்து, நாம் "பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே" என்று மட்டும் சொன்னால், பெரியவர்களுக்கு உண்மையைவிட மரியாதைதான் முக்கியம் என்று அவன் முடிவு கட்டுவான். அறிவுள்ள பிள்ளைகள் பெரியவர்களை இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சரியாக இருந்தால் சரி என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, "வினைச் சமன்பாடு தப்பு என்பது ஒரு பேச்சு, உங்களுக்கே புரியவில்லை என்பது வேறு பேச்சு, முதலாவதைச் சொல்ல உனக்கு உரிமை உண்டு, இரண்டாவதுக்கு இல்லை" என்று பிரித்துக் காட்டுங்கள். அவனுக்கு இந்தப் பிரிவினை புரியும். நுட்பமான வேறுபாடுகளைப் பிடிக்கும் மூளை அது.

அதோடு, மன்னிப்பு நீங்கள் கேட்டிருக்கக் கூடாது. உங்கள் பதற்றம் புரிகிறது, இறுதி ஆண்டில் ஆசிரியரின் வெறுப்பைச் சம்பாதிக்க வேண்டாமே என்று ஓடியிருப்பீர்கள். ஆனால் அவன் பட வேண்டிய கூச்சத்தை நீங்கள் பட்டுவிட்டீர்கள். அவன் இப்போதும் போகலாம். நாள் கடந்துவிட்டது என்பது ஒரு காரணமே இல்லை. வகுப்பறையில் எல்லோர் முன்னாலும் வேண்டாம், ஆசிரியர் அறையில், இரண்டு வாக்கியம் போதும். "அன்று நான் பேசிய விதம் தவறு. மன்னிக்க வேண்டும்." விளக்கம் வேண்டாம், "ஆனால்" என்ற சொல் வரவே வேண்டாம். வாசல்வரைகூட நீங்கள் போக வேண்டாம்.

ஓசூரில் நடந்ததுதான் இந்த மூன்றிலும் கனமானது. அதன் வேர் உங்கள் வீட்டில் இருக்கிறது என்று சொன்னால் வருத்தப்படுவீர்கள். ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. கடிதத்தின் கடைசியில், போகிறபோக்கில், ஏதோ நற்சான்றிதழ்போல எழுதியிருக்கிறீர்கள்: படிக்கிற பிள்ளை என்பதால் எந்த வேலையும் வைப்பதில்லை, தட்டைத் தங்கை எடுப்பாள், இருந்தும் ஏன் இப்படி என்று. "இருந்தும்" அல்ல சகோதரி, அதனால்தான். தினமும் மூன்று வேளை, ஒரு வார்த்தைகூடப் பேசாமல், அந்த வீடு அவனுக்கு ஒரு பாடம் நடத்துகிறது. மதிப்பெண் எடுப்பவன் எழுந்து போகலாம், மற்றவர்கள் எச்சில் தட்டு எடுக்க வேண்டும். ஓசூரில் அவன் அந்தப் பாடத்தைத்தான் சொந்தக்காரர்கள் முன்னால் வாய்விட்டு ஒப்பித்தான். நீங்கள் அதிர்ந்துபோனீர்கள்.

நெதர்லாந்தில் 565 குழந்தைகளையும் அவர்களின் பெற்றோரையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொடர்ந்து ஆராய்ந்து, 2015இல் ஒரு கட்டுரை வெளியானது. ஏழு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுவரையிலான பிள்ளைகள். "என் பிள்ளை மற்றப் பிள்ளைகளைவிட விசேஷமானவன், அவனுக்குத் தனிச் சலுகை உண்டு" என்று நினைத்த பெற்றோரின் பிள்ளைகளிடம் நாளடைவில் தற்பெருமை கூடியது. பெற்றோரின் அன்பு எந்த அளவுக்குத் தெரிந்ததோ அந்த அளவுக்குச் சுயமரியாதை கூடியது. இரண்டும் வேறு வேறு பாதைகள். அன்பைக் குறைத்தால் கர்வம் அடங்கும் என்று நினைத்து சில அப்பாக்கள் முகம் கொடுக்காமல் இருப்பார்கள். அதில் பயன் இல்லை என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன். கொஞ்சுங்கள், தலையைத் தடவுங்கள், பிடித்ததைச் சமைத்துக் கொடுங்கள். தட்டை மட்டும் அவனே கழுவட்டும்.

நீண்ட பட்டியல் போட்டு நாளையே எல்லா வேலையையும் அவன் தலையில் கட்ட வேண்டாம், அது தண்டனையாகிவிடும். அவனுக்கென்று இரண்டு வேலை போதும், ஆனால் அவன் செய்யாவிட்டால் வேறு யாரும் செய்யக் கூடாத வேலையாக இருக்க வேண்டும். காவிரித் தண்ணீர் வரும் நாளில் விடியற்காலை எழுந்து சம்ப் நிரம்புகிறதா என்று பார்த்து, மோட்டார் போடுவது. காலையில் குப்பை ஆட்டோ வரும்போது ஈரக் குப்பை, உலர்ந்த குப்பை இரண்டையும் பிரித்துக் கொண்டுபோய்ப் போடுவது. ஒருநாள் மறந்தால் வீட்டில் எல்லோருக்கும் தண்ணீர் இருக்காது, அவன் உட்பட. அன்று யாரும் திட்ட வேண்டாம், ரகசியமாக எழுந்து மோட்டார் போட்டுவிடவும் வேண்டாம். இது உங்களுக்குத்தான் அவனைவிடக் கஷ்டமாக இருக்கும். "படிப்பு கெடுமே" என்பீர்கள். கால் மணி நேரத்தில் கெடும் படிப்பு ஜே.இ.இ.யில் தாங்காது.

உங்கள் கணவரிடம் ஒன்று சொல்ல வேண்டும், இந்தப் பகுதியை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். ஐயா, அன்று நீங்கள் எழுந்து வெளியே போனீர்கள். பெருந்தன்மை என்று நினைத்திருப்பீர்கள். உங்கள் மகன் அதை வேறு மாதிரிப் படித்திருப்பான்: அப்பாவே ஒப்புக்கொண்டுவிட்டார் என்று. கோபப்பட வேண்டியதில்லை, ஆனால் சொல்லியாக வேண்டும். "நீ அன்று சொன்னது என்னையும் சேர்த்துத்தான். எனக்கு வலித்தது. யாரையும் அப்படிப் பேசுவதை நான் ஏற்க மாட்டேன்." அவ்வளவு போதும். அறிவுரையாக நீட்டாதீர்கள்.

உங்கள் வேலையைப் பற்றி வீட்டில் பேசுகிறீர்களா? பட்டறையில் வேலை பார்க்கும் பல தகப்பன்மார் பிள்ளை பெரிய படிப்புக்குப் போனதும் வாயை மூடிக்கொள்கிறார்கள். அவன் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் திருகு அளவியால் 0.01 மில்லிமீட்டர் அளந்து ரெக்கார்டு நோட்டில் எழுதியிருப்பான். அதே கருவி மைக்ரோமீட்டர் என்ற பெயரில் உங்கள் மேசையில் இருக்கிறது. 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுத் தண்டு, கடைசலில் 30 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 0.018 மில்லிமீட்டர் பருக்கும். சூட்டோடு அளந்து சரி என்று இறக்கினால், ஆறிய பிறகு அளவு குறைந்து வேலை தள்ளுபடியாகிவிடும். அவனுக்கு இந்தச் சூத்திரம் தெரியும். எவ்வளவு விட்டுக் கடைய வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். இதையெல்லாம் அவனுக்குப் பாடம் புகட்டுவதற்காகச் சொல்லாதீர்கள், உடனே கண்டுபிடித்துவிடுவான். பட்டறையில் அன்று என்ன நடந்தது, எந்த வேலை தகராறு செய்தது என்று இரவுச் சாப்பாட்டில் உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். அவன் காதில் விழட்டும்.

பெரியப்பா மகனிடமும் அவன் பேசத்தான் வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக பஸ் ஏறி ஓசூர் போய்வருவது நல்லது. முடியவில்லை என்றால் தொலைபேசி. அந்தப் பையன் மன்னிப்பான் என்று உத்தரவாதம் கிடையாது. மன்னிக்காவிட்டாலும் கேட்டுவிட்டு வருவதுதான் அவன் கற்க வேண்டியது.

இப்போது உங்கள் அண்ணன். ராமனுக்குக் கர்வம் உண்டு என்பது ஊரறிந்த சேதி. 1930இல் நோபல் பரிசு அறிவிக்கப்படுவதற்குப் பல மாதம் முன்பே ஸ்வீடன் போகக் கப்பல் டிக்கெட் எடுத்து வைத்தார் என்று சொல்வார்கள். 1933இல் உங்கள் ஊர் இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்து முதல் இந்திய இயக்குநரானார். அதற்குப் பிறகு நடந்ததை உங்கள் அண்ணன் சொல்வதில்லை. நிர்வாகத்தோடும் சகாக்களோடும் பூசல் முற்றி, விசாரணைக் குழு வந்து, 1937இல் இயக்குநர் பதவியிலிருந்து இறங்க வேண்டியதாயிற்று. பேராசிரியராக மட்டும் 1948வரை தொடர்ந்தார். கர்வம் ஒன்றே காரணம் என்று சொன்னால் அது அநியாயம், எதிர்த்தரப்பிலும் குறை இருந்தது. ஆனால் கர்வத்தால் அவர் பெரிய மனிதரானார் என்பதற்கு அங்கே ஆதாரம் எதுவும் இல்லை. கர்வம் இருந்தும் தாங்கக்கூடிய அளவுக்கு அவரிடம் இயற்பியல் இருந்தது, அவ்வளவுதான் சொல்லலாம்.

இன்னும் கசப்பான உதாரணம் வில்லியம் ஷாக்லி. டிரான்சிஸ்டருக்காக 1956இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். கலிபோர்னியாவில் சொந்தமாக ஆய்வுக்கூடம் தொடங்கி, நாட்டின் கெட்டிக்கார இளைஞர்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். அவரோடு வேலை செய்ய முடியாமல் 1957இல் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் வெளியேறி ஃபேர்சைல்டு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அந்த எட்டுப் பேரில் இருவர் பின்னால் 1968இல் தொடங்கியதுதான் இன்டெல். ஷாக்லியின் நிறுவனம் எழுந்திருக்கவே இல்லை. ஒரு வேடிக்கையும் உண்டு. 1921இல் லூயிஸ் டெர்மன் என்பவர் கலிபோர்னியாவில் நுண்ணறிவுத் தேர்வு வைத்து, ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட மேதைப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தார். அந்தப் பட்டியலில் ஒருவர்கூட நோபல் வாங்கவில்லை. சிறுவன் ஷாக்லிக்கும் தேர்வு வைத்தார்கள், மதிப்பெண் போதவில்லை என்று விட்டுவிட்டார்கள்.

உங்கள் அண்ணன் ராமனைச் சொல்லும்போது, ராமனின் அண்ணன் மகனையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். வானியற்பியலாளர் சுப்ரமணியன் சந்திரசேகர். 1935 ஜனவரியில் லண்டனில் அரச வானியல் சங்கக் கூட்டத்தில் அவர் தன் கண்டுபிடிப்பைப் படித்தார். வயது 24. அடுத்துப் பேச எழுந்த ஆர்தர் எடிங்டன், அந்தக் காலத்தின் பெரிய பெயர், சபையே சிரிக்கும்படி அதைக் கேலி செய்தார். சந்திரசேகர் சொன்னதுதான் சரி. நோபல் பரிசு 1983இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் தன் கணக்கை அவர் ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்கவில்லை. எடிங்டனோடு பழகுவதையும் விடவில்லை. எடிங்டனின் நூற்றாண்டு நினைவாக 1982இல் கேம்பிரிட்ஜில் உரையாற்றியவர் அவர்தான், எடிங்டனை அந்தக் காலத்தின் தலைசிறந்த வானியற்பியலாளர் என்றே குறிப்பிட்டார். அந்த அவமானம் அவருக்கு வலிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம், நிறையவே வலித்தது. ஆனால் இந்த விஷயத்தில் நீங்கள் தவறு என்பதையும், நீங்கள் பெரியவர் என்பதையும் ஒரே தலைக்குள் வைத்திருக்க அவரால் முடிந்தது. வேதியியல் ஆசிரியர் விஷயத்தில் உங்கள் மகனிடம் நாம் எதிர்பார்ப்பது இதன் சிறு பதிப்பைத்தான். பதினேழு வயதில் முழுதாக வராது. உணர்ச்சியை அடக்கி யோசிக்கும் மூளைப் பகுதி இருபதுகளின் நடுவரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. கால்குலஸ் வந்துவிட்டது, மற்றதும் வந்துவிட்டிருக்கும் என்று நாம்தான் தப்புக்கணக்குப் போடுகிறோம்.

அந்தப் பிரிவு மாற்றத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாரத் தேர்வை வைத்துப் பிள்ளைகளை மேலும் கீழும் தள்ளும் முறை எனக்குப் பிடிக்காது, ஆனால் அதை உங்களால் மாற்ற முடியாது. செய்யக்கூடியது, அவனோடு உட்கார்ந்து ஒரு கணக்குப் போடுவது. ஜே.இ.இ. மெயின் எழுதுபவர்களில் முதல் இரண்டரை லட்சம் பேர்தான் ஐ.ஐ.டி.க்கான அடுத்த கட்டத் தேர்வான அட்வான்ஸ்டு எழுதலாம். 23 ஐ.ஐ.டி.களிலும் சேர்த்து இடங்கள் சுமார் 18,000. அங்கே போய்ச் சேரும் அத்தனை பேரும் ஏதோ ஒரு பள்ளியில் முதல் மாணவர்கள். அவர்களில் சரிபாதிப் பேர் அங்கே வகுப்பின் கீழ்ப்பாதியில்தான் இருக்க முடியும், வேறு வழியே கிடையாது. திறமை அதேதான், சுற்றி இருப்பவர்கள் மாறியதால் தன்னைப் பற்றிய மதிப்பு சரிகிறது. ஹெர்பர்ட் மார்ஷ் என்ற உளவியலாளர் 1980களிலிருந்தே இதைப் பல நாடுகளில் காட்டியிருக்கிறார். அவன் கனவு பலித்தாலும் இரண்டாம் பிரிவு அவனைத் தேடி வரும். இப்போதே, வீட்டிலிருந்து போய்வரும் வயதிலேயே வந்தது ஒருவிதத்தில் நல்லது. ஹாஸ்டல் அறையில் தனியாக இருக்கும்போது முதல் முறையாக வருவதைவிட இது மேல்.

அடுத்த தேர்வு முடிவு வரும் நாளில் என்ன மார்க் என்பது வீட்டின் முதல் கேள்வியாக இருக்க வேண்டாம். சாப்பிட்டாயா என்று கேளுங்கள், பிறகு எந்தக் கணக்கு மாட்டிக்கொண்டது என்று கேளுங்கள். மார்க்கை அவனாகச் சொல்லட்டும். அவன் புத்திசாலி, யாருக்கும் வராத மூளை என்று உறவினர்களிடம் சொல்வதையும் நிறுத்துங்கள். 1998இல் மியூலர், டுவெக் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், "நீ கெட்டிக்காரன்" என்று பாராட்டப்பட்ட சிறுவர் சிறுமியர் அடுத்து பெரும்பாலும் எளிதான புதிர்களையே தேடினார்கள். கடினமான தேர்வில் சறுக்கிய பிறகு, முகம் தெரியாத ஒரு பிள்ளைக்கு எழுதிய தாளில் தங்கள் மதிப்பெண்ணைக் கூட்டிப் பொய் சொன்னவர்கள் அவர்களில் ஏறத்தாழ 40 சதவீதம். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களில் 13 சதவீதம்தான். இந்தக் கோட்பாட்டை வைத்துப் பின்னால் பள்ளிகளில் நடத்திய பயிற்சிகள் எல்லாம் பெரிய பலன் தந்துவிடவில்லை, எனவே இதை மந்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பொய்யை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகன் மதிப்பெண்ணை மறைக்கத் தொடங்கினால் அது ஒழுக்கக்கேடு என்று பாய வேண்டாம், பயந்திருக்கிறான் என்று புரிந்துகொள்ளுங்கள்.

இரண்டு மூன்று மாதம் இதையெல்லாம் செய்து பாருங்கள். பேச்சு உடனே மாறாது. முதல் வாரம் தட்டைப் படார் என்று வைப்பான், நீ ஒருத்தி போதும் என் படிப்பைக் கெடுக்க என்பான். அந்தச் சத்தத்துக்குப் பணியாதீர்கள். சாப்பாடு, தூக்கம், கதவைச் சாத்திக்கொள்வது இவை திரும்ப வந்தால் மட்டும் மாதக் கணக்கெல்லாம் பார்க்காமல் உதவி தேடுங்கள்.

கடைசியாக, உங்கள் மகளைப் பற்றி ஒரு தனிக் கடிதம் எழுதுங்கள். இவ்வளவு நீளக் கடிதத்தில் அவள் கணக்குக் கேட்கிறாள், தட்டு எடுக்கிறாள், அவ்வளவுதான் இருக்கிறது. எஸ்.எஸ்.எல்.சி.க்குப் பிறகு அவள் என்ன படிக்க நினைக்கிறாள் என்று தெரியவில்லை. அவளுக்கும் இந்த வருடம்தானே பொதுத்தேர்வு?